மூதூர் ஆட்காட்டிகளின் இடம்பெயர்வு

மஹ்ரூப் நானா எண்ணிக்கையில் பொய் சொல்லமாட்டார். வேறு விஷயங்களில் சொல்லுவார். பீடியை விட்டு மூன்று வருஷம் என்று மனைவி நஜ்முன் நிஸாவிடம் சத்தியம் செய்துவிட்டு, திருகோணமலை இறங்குதுறையில் நாளுக்கு இரண்டு குடிப்பார். ஆனால் "எத்தனை?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் அந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். முதுகு நிமிரும். காதிலிருந்து பேனை கைக்கு வரும்.

அவருடைய வேலை அது. குடாவின் அக்கரையிலுள்ள மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்குப் பயணிகள் பட்டியல் எழுதுவது. அந்த யுத்த வருஷங்களில் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர் மூன்றும் எழுதாமல் ஒருவரும் கொட்டியாரக் குடாவைக் கடந்து போக ஏலாது. பட்டியலின் ஒரு பிரதியைக் கடற்படைக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பயத்தோடு எழுதுவார்கள். நானா அதை மரியாதையோடு எழுதினார். எழுதி முடித்ததும் லோஞ்சுக்குள் ஏறி, உதடு அசைய, ஒவ்வொரு தலையாக எண்ணுவார்.

ஒருநாள் பட்டியலில் அறுபத்தொன்று, லோஞ்சில் அறுபத்திரண்டு. அரை மணித்தியாலம் லோஞ்ச் நின்றது. வெயில். சனங்கள் ஏசினார்கள்.

"ஓய் மஹ்ரூப், நீ எண்ணி முடியக்குள்ள மூதூரே நடந்து இஞ்ச வந்திரும்!"

நானா மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினார். கடைசியில் ஒரு தாயின் முந்தானைக்குள் பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை ஒன்று நித்திரை கொள்வதைக் கண்டுபிடித்தார்.

"புள்ளைக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கல்ல காக்கா. பச்சப் புள்ளையெல்லாம் எழுதுறயா?"

"அதுக்கும் தல இரிக்குத்தானே?" என்று சொல்லி, அறுபத்திரண்டாம் இலக்கத்தில் 'பெயர் இடப்படவில்லை' என்று எழுதிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க விட்டார்.

அதே லோஞ்சில் ஹென்ரிக் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். கடல்கோளுக்குப் பிறகு மூதூர்ப் பக்கம் குடிநீர்த் தாங்கி கட்ட வந்த பொறியியலாளர். நாள்தோறும் போய்வருபவர். அந்த அரை மணித்தியாலமும் அவர் ஏசவில்லை, நானாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நானாவின் பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது நானாவுக்கு ஒரு பேஸ்போல் அணியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அணி என்றால் உண்மையான அணி இல்லை. பல நாடுகளிலிருந்து பதினாறு பேர் சேர்ந்து இணையத்தில் நடத்திய ஒரு லீக். ஒவ்வொருவருக்கும் ஓர் அணி. விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் கற்பனை. ஆனால் ஒவ்வொருவனுக்கும் வயது, பலம், பலவீனம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. யார் எறிவது, யார் முதலில் அடிப்பது என்று சொந்தக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஈமெயிலில் எழுதி அனுப்ப வேண்டும். லீக்கின் சேர்மன் வால்டர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், அதையெல்லாம் தன் கணினிக்குள் போடுவார். கணினி விளையாடி முடித்து முடிவைச் சொல்லும். ஹென்ரிக்குக்கு இனி நேரமில்லை. தன் அணியை ஒழுங்கானவர் ஒருவரிடம் விட்டுப்போக விரும்பினார்.

நான் அப்போது திருகோணமலை நகரத்தில் ஓர் உதவி நிறுவனத்தில் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். பின்னேரங்களில் குலசிங்கம் அண்ணனின் இன்ரர்நெற் கபேயில் மூலைக் கணினியில் கவிதை வாசிப்பேன், எழுதியும் பார்ப்பேன். நானா பக்கத்துக் கணினிக்கு வந்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத வராது; நான் எழுதிக் கொடுப்பேன். அப்படித்தான் பழக்கம்.

"இது என்ன விளையாட்டு நானா?"

"எல்லே தெரியுமா தம்பி? வருஷப் பிறப்புக்கு மைதானத்தில தடியால அடிச்சுப் போட்டு ஓடுவாங்களே. அந்த எல்லேக்குக் கோட்டும் சூட்டும் போட்டா இதுதான்."

குலசிங்கம் அண்ணன் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "அதில தடியெண்டாலும் இருக்கு. இதில பந்தும் இல்ல, மட்டையும் இல்ல, ஓடுறதுக்கு ஒருத்தனும் இல்ல. ஆனா தோத்தா மட்டும் மனுசன் முகத்தத் தொங்கப் போட்டுக்கொண்டு லோஞ்சேறுறார்."

"நீங்க வோட்டுப் போட்ட கட்சியும் அப்பிடித்தானே அண்ணே. காணக் கிடைக்குதா?" என்றார் நானா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹென்ரிக்கின் அணி, வருஷத்தில் பாதி பனி மூடிக்கிடக்கும் ஏதோ ஒரு ஊரின் பெயரில் இருந்தது. அது நானாவுக்குச் சரிப்படவில்லை. "காணாத ஊருக்கு எப்பிடி ஆளெண்ணுற?" என்றார். வருஷத்துக்கு இரண்டு பருவம்; ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சொந்தக்காரர் தன் ஊரின் சனத்தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் மைதானத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணினி கணக்கிடும். நானா அணியைத் தன் ஊரான மூதூருக்குக் கொண்டுவர விரும்பினார். அதற்கு ஒரு விண்ணப்பம் இருந்தது. ரீலொக்கேஷன் என்று தலைப்பு. நான் அதை 'வீடு மாறுதல்' என்று மொழிபெயர்த்தேன். நானா புதுவீட்டுக்குப் போகிறவரின் முகத்தோடு நிரப்பினார். லீக் ஒத்துக்கொண்டது. அணிக்கு மூதூர் ஆட்காட்டிகள் என்று பெயர் வைத்தார். ஆட்காட்டி வயல்வெளியில் வெறும் தரையில் முட்டையிடும் பறவை. யார் வந்தாலும் கத்தும். கத்துமே தவிர இடத்தை விட்டுப் போகாது.

லீக்கில் ஒரு விதி. ஓர் அணி ஓர் ஊரை விட்டுப் போனால் லீக்கின் இணையத்தில் அந்த ஊருக்கான பக்கம் மூடப்படும். பத்துப் பருவங்களுக்கு அந்த ஊருக்கு அணி கிடையாது. இதை நானா பிறகுதான் வாசித்தார். அன்றைக்கு அவர் தேத்தண்ணி குடிக்கவில்லை.

"தம்பி, அந்தப் பனி ஊருக்கு ஒரு கடிதம் எழுதோணும். மன்னிக்கச் சொல்லி."

"ஆருக்கு அனுப்புறது நானா?"

"ஊருக்குத்தான்."

எழுதினோம். வால்டர் அதை லீக்கின் முதல் பக்கத்தில் போட்டார்.

ஆட்காட்டிகள் முதற் பருவத்தில் பதினாறில் பதினான்காவதாக வந்தார்கள். அடுத்த பருவத்தில் ஒன்பதாவது. முப்பத்தெட்டு வயதான ஒருவன் அணியில் இருந்தான். ஓட மாட்டான், பிடிக்க மாட்டான். அவனை நிறுத்தச் சொல்லி எல்லோரும் எழுதினார்கள். "வயசாளியக் கடலுக்கு நடுவில லோஞ்சால எறக்கி உடுறதா?" என்று நானா கேட்டார். அந்தக் கேள்வியையும் நான் மொழிபெயர்த்து அனுப்பினேன்.

2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை வந்தது. லோஞ்ச் நின்றது. தொலைபேசி நின்றது. குடாவின் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் சத்தம் தண்ணீரின் மேலால் நடந்து வருவதுபோல் கேட்டது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சனங்கள் முழு ஊருமாகக் கந்தளாய்ப் பக்கம் நடந்து வருகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் அலுவலக வாகனம் தம்பலகாமத்தில் இரண்டு சோதனைச் சாவடிகளில் நின்று கந்தளாய்க்குப் போனபோது நானும் படிவக் கட்டோடு போனேன்.

ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு ஏழெட்டுக் குடும்பம். மாமர நிழலில் மேசை போட்டுப் பதிவு. வரிசையில் பதினெட்டாவதாக மஹ்ரூப் நானா நின்றார். சேர்ட்டில் ஒரு தெறி அறுந்து போயிருந்தது. கால் வீங்கியிருந்தது. நஜ்முன் நிஸா ஒரு பையையும் இரண்டு மகள்மாரின் கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நால்வரும் இருந்தார்கள். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினேன். நானாவே பேசினார்.

"தம்பி, இந்தப் படிவம் நீங்க எழுதினதா?"

"மொழிபெயர்த்தது நானா."

அவர் அதை மேலிருந்து கீழ் வாசித்தார். இடம்பெயர்ந்தோர் பதிவு. குடும்பத் தலைவர். அங்கத்தவர் தொகை. காயப்பட்டோர். முதியோர். கைவிட்டு வந்த உடைமைகள். தற்போது தங்கியிருக்கும் இடம். மீளச் செல்ல விருப்பமா: ஆம், இல்லை.

"ஒழுங்கான படிவம்" என்றார். பட்டியல் எழுதுகிறவர் இன்னொரு பட்டியலுக்குக் கொடுத்த பாராட்டு அது. "ஆனா இந்தக் கடைசிக் கூடு சின்னன். 'ஆம்' எண்டுறதப் பெருசா எழுதேலாமக் கிடக்கு."

எழுதி முடித்துவிட்டு, மனைவிக்குக் கேட்காமல் மேசைக்குக் குனிந்தார். "லீக்குக்குச் சனத்தொகை அனுப்புற கடைசித் திகதி எப்ப?"

நஜ்முன் நிஸாவுக்குக் கேட்டுவிட்டது. "அல்லாஹ்வே! ஊரே ரோட்டில கிடக்கு, இவருக்கு அந்தக் கள்ளப் பந்தாட்டம்!"

ஒரு கிழமைக்குப் பிறகு நானா பஸ்ஸில் நகரத்துக்கு வந்தார். யாரோ கொடுத்த சேர்ட்டின் அரைக்கை முழங்கை தாண்டித் தொங்கியது. கணினியின் முன்னால் உட்கார்ந்து, சனத்தொகை என்ற கட்டத்தில் பூச்சியம் என்று அடித்தார்.

கணினி ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் ஏற்கவில்லை.

குலசிங்கம் அண்ணன் எழுந்து வந்தார். "பழைய கணக்கப் போடுங்கோ நானா. அவங்களென்ன வள்ளம் பிடிச்சு வந்து எண்ணிப் பாக்கப் போறாங்களே?"

"இப்ப மூதூர்ல ஆர் இரிக்கா அண்ணே?"

"ஒருத்தரும் இல்லத்தான். ஆனா..."

"ஆளில்லாத லோஞ்சுக்குப் பட்டியல் எழுதேலா."

"ஆடு மாடு நிக்கும்தானே?" என்றார் அண்ணன், ஏதாவது ஒரு வழி தேடி.

"நிக்கும். அதுகள் ஆட்டம் பாக்க வராது."

வால்டரிடமிருந்து கடிதம் வந்தது. பூச்சியம் தட்டெழுத்துப் பிழையா? பிழையில்லை, சனங்கள் போய்விட்டார்கள் என்று பதில் எழுதினோம். மறுநாள் வால்டர் மிகவும் வருந்தி எழுதினார். வருத்தத்தின் கீழே விதியும் இருந்தது. ஆளில்லாத ஊருக்கு அணி இருக்க முடியாது. பத்து நாளுக்குள் புது ஊரைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணி கலைக்கப்படும். எப்படியானாலும் மூதூரின் பக்கம் பத்துப் பருவத்துக்கு மூடப்படும்.

நானா அதை மூன்று தரம் வாசித்தார். விரல்விட்டு எண்ணினார்.

"பத்துப் பருவம் எண்டா அஞ்சு வருஷம். நாங்க அதுக்கு முந்திப் போயிருவம் தம்பி. நாங்க போய்ச் சேந்து, ஊரில ஆள் இரிந்து, டீம் மட்டும் இல்லாட்டி?" எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டார். "எந்தப் பேப்பரிலயும் எங்கட ஊரு மூடினதா இரிக்கப் படாது. ஒரு விளையாட்டுப் பேப்பரிலயும்."

மூதூரின் பெயர் அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். குலசிங்கம் அண்ணன்கூட அன்றைக்கு நக்கல் அடிக்கவில்லை.

விண்ணப்பத்தை நான் மொழிபெயர்த்துத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். பிழை நான் விட்டது அங்கேதான். அந்த நாட்களில் ஒரே சொல்லை ஆயிரம் தடவை அடித்த விரல், ரீலொக்கேஷன் என்று கண்டதும் தானாகவே 'இடம்பெயர்வு விண்ணப்பம்' என்று அடித்துவிட்டது. நானா தாளை மடித்துப் பையில் வைத்துக் கந்தளாய்க்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கழித்து நிரப்பிக் கொண்டுவந்தார். லீக் கேட்ட கேள்விகள் நான்குதான். அவை போதாது என்று கண்டு, கீழே கோடுபோட்டுத் தானே சில கூடுகள் சேர்த்திருந்தார்.

புதிய ஊர்: இல்லை.

தற்போது தங்கியிருக்கும் இடம்: கிடைக்கும் இடம்.

குடும்பத் தலைவர்: பயிற்சியாளர்.

அங்கத்தவர் தொகை: இருபத்தைந்து. அதில் காயப்பட்டோர் இருவர், ஒருவருக்குத் தோள், ஒருவருக்கு முழங்கால். முதியோர் ஒருவர்.

கைவிட்டு வந்த உடைமைகள்: மைதானம் ஒன்று. ஒன்பதாம் இடம்.

உலர் உணவு: தேவையில்லை.

இடம்பெயர்ந்த காரணம்: எல்லோருக்கும் தெரியும்.

மீளச் செல்ல விருப்பமா: ஆம்.

நான் தலையில் கைவைத்தேன். "நானா, இது என்ர பிழை. அவை கேக்கிறது வேற. புது ஊரில எத்தின பேர் பாக்க வருவினம், மைதானம் எவ்வளவு பெரிசு, ஏன் அந்த ஊர் நல்லது, இதுதான் அவைக்கு வேணும். அவையின்ர சொல்லுக்கு அர்த்தம் விரும்பி மாறிப் போறது."

"முந்தி நீங்க வீடு மாறுதல் எண்டு எழுதினீங்க?"

"ஓம்."

"இப்ப இடம்பெயர்வு எண்டு எழுதிரிக்கீங்க."

"ஓம் நானா. இங்கிலீசில ரெண்டும் ஒரே சொல்தான் போட்டிருக்கு."

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு பயணி குறைவதைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு தெளிவு.

"அப்ப அவங்கட படிவத்தில ஒரு சொல்லு கொறயுது தம்பி. கொறஞ்சா எழுதிக் குடுக்கத்தானே வேணும்? அப்பிடியே அனுப்புங்க. அந்தச் சொல்ல மாத்த வேணாம்."

அப்படியே அனுப்பினேன். தலைப்பில் இடம்பெயர்வு என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி, கீழே நான்கு வரியில் விளக்கம் கொடுத்தேன். போன ஊர் புதுவீடு அல்ல. விட்டு வந்த ஊர் பழைய வீடும் அல்ல. திரும்பிப் போகும் நாள் தெரியாது. போவது மட்டும் நிச்சயம். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் நான்கு வரிகளைக் காட்டச் சொன்னால் அவற்றைத்தான் காட்டுவேன், அவை நானாவுடையவை என்றாலும்.

ஏழு நாள் கருத்துச் சொல்ல விட்டார்கள். முதல் நாள் இரண்டு பேர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். கற்பனை ஆட்களுக்கு உலர் உணவா? மூன்றாம் நாள் யாரோ செய்தி தேடிப் பார்த்துவிட்டு அதன் இணைப்பைப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கிரெக் என்பவர் மட்டும் விடவில்லை. அனுதாபம் வேறு, விதி வேறு; ஊரில்லாத அணி என்று ஒன்று லீக்கில் கிடையாது என்று எழுதினார். சனத்தொகைக் கணக்கை யாராவது ஏமாற்றினால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான்.

நானாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. "இந்த மனுசனுக்கு லோஞ்சில வேல குடுக்கலாம்" என்றார்.

வாக்கெடுப்புக்கு விட்டது இதுதான்: ஆட்காட்டிகள் ஊர் சொல்லாமல் ஒரு பருவம் ஆடலாமா, மூதூரின் பக்கத்தை மூடாமல் வைக்கலாமா? கடைசி நாள் பகல் பதினொரு மணிக்கு ஏழு பேர் ஆம், ஏழு பேர் இல்லை. வாக்களிக்காமல் இருந்தது கிரெக்கும் நானாவும். பன்னிரண்டரைக்கு முடியும். சமமாக நின்றால் பழைய விதிதான்.

குலசிங்கம் அண்ணன் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானா, உங்கட வோட்டைப் போடுங்கோ. எட்டு."

"ஏலா அண்ணே."

"ஏன் ஏலாது? நீங்களும் பதினாறில ஒண்டு."

"வழக்கு என்னட. தீர்ப்பும் நானே சொல்லுறதா?"

"அங்கால எல்லாரும் தங்கட தங்கட லாபத்துக்குத்தான் கை உயர்த்தினவங்கள்!"

"அது அவங்கட கை."

"ஐயோ, கவிஞரே, நீராவது சொல்லுமன்!"

சொல்லியிருந்தாலும் பயனில்லை. நானா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவை தாமாகவே விசைப்பலகைக்குப் போய்விடும் என்ற பயத்தில். பன்னிரண்டு. பன்னிரண்டே கால். மின்சாரம் ஒருதரம் இமைத்தது, ஆனால் போகவில்லை. மூவரும் மூச்சை விட்டோம். அண்ணன் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குக் கிரெக்கின் வாக்கு வந்தது. ஆம்.

அண்ணன் மேசையில் அடித்த அடியில் பிரிண்டரின் தாள் தட்டு விழுந்தது.

"பொறுங்க, கீழ ஏதோ எழுதிரிக்கார்" என்றார் நானா.

நிபந்தனை எழுதியிருந்தார். பேஸ்போலில் வெளியூரிலிருந்து வந்த அணி முதலில் அடிக்கும், ஊர் அணி கடைசியில் அடிக்கும். கடைசியில் அடிப்பது பெரிய வசதி. எத்தனை தேவை என்று தெரிந்துகொண்டு ஆடலாம். ஊரில்லாத அணிக்கு ஊர்க்காரரின் வசதி கிடையாது என்றார் கிரெக். நூற்றுநாற்பது ஆட்டத்தையும் மற்றவர்களின் மைதானத்தில், வந்த அணியாகவே ஆட வேண்டும். எல்லாவற்றிலும் முதலில் அடிக்க வேண்டும்.

"இது அநியாயம்" என்றார் அண்ணன்.

"எங்க அநியாயம்? வீட்டுக்கு வந்த ஆளுக்குத்தானே முதல்ல சோறு போடுற? வீட்டுக்காரன் கடைசியாத்தான் தின்னுவான். நாங்க இப்ப வந்த ஆக்கள்." நானா எழுந்து சேர்ட்டின் கையை மடித்தார். "தம்பி, அந்தக் கிரெக்குக்கு எழுதுங்க. சோறு நல்லா இரிந்த எண்டு."

லீக்கின் பக்கத்தில் மூதூர் என்ற பெயர் நின்றது. அதற்கு நேரே, மைதானம் என்ற இடத்தில், வால்டர் ஆங்கில எழுத்துகளில் இடம்பெயர்வு என்று போட்டிருந்தார். ஓர் எழுத்தைப் பிழையாகத்தான் போட்டிருந்தார். நாங்கள் திருத்தவில்லை.

பருவம் தொடங்கி இரண்டாம் கிழமை மூதூர்ச் சனங்கள் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். நானாவின் குடும்பமும் போனது. கூரையில் ஒரு மூலை இல்லை, குசினிச் சுவரில் ஓட்டை, அலுமாரி இருந்தது. ஆனால் பருவத்தின் நடுவில் விதி மாற முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அணி வீதியிலேயே நின்றது.

ஆட்காட்டிகள் ஊர் ஊராகப் போய் முதலில் அடித்தார்கள். நூற்றுநாற்பதில் எண்பத்தொன்பது தோற்றார்கள். பாதித் தோல்விகள் கடைசிச் சுற்றில், மற்றவன் வீட்டுக்காரனின் வசதியோடு அடிக்கும்போது வந்தவை. லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கியதும் நானா பட்டியல் புத்தகத்தோடு நகரத்துக்கு வந்தார். நான் ஒருமுறை மூதூருக்குப் போனபோது நஜ்முன் நிஸா தேத்தண்ணி வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டார்.

"தம்பி, இவர்ர அந்தப் புள்ளையள் இன்னும் ரோட்டிலயா?"

"ஓம் ராத்தா. மாசி வரைக்கும் அப்பிடித்தான்."

"காலில வருத்தக்காரன் ஒருத்தன் இரிந்தானே?"

"முழங்கால்."

"த்சொ" என்றார். பிறகு, அப்படிக் கேட்டதற்குத் தன்னையே கோபித்துக்கொண்டவர்போல உள்ளே திரும்பி, "சீனி போதுமா?" என்றார்.

பெப்ரவரியில் பருவம் முடிந்தது. வால்டர் பழையபடி கேட்டார்: ஊர்? மூதூர். சனத்தொகை?

எல்லோரும்தான் வந்துவிட்டார்களே, பழைய கணக்கையே போடலாம் என்று நான் நினைத்தேன். நானா இரண்டு வெள்ளிக்கிழமை லீவு போட்டார். சைக்கிளில் ஒவ்வொரு கிராம சேவகரிடமும் போய்த் தொகை கேட்டார். கேட்டதோடு விடவில்லை, பூட்டியிருந்த வீடுகளின் அயலாரிடம் விசாரித்தார். சிலர் புத்தளத்தில் சொந்தக்காரரிடம். சிலர் கொழும்பில். சிலர் இனி எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்; அவர்களுக்கு அவர் அடையாளமாக ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தார். கோடுகளை எண்ணினாரா என்று நான் கேட்கவில்லை. ஒரு கிராம சேவகர் சலித்துப்போய், "ஆருக்கு ஓய் இந்தக் கணக்கு? அரசாங்கக் கச்சேரிக்கா?" என்று கேட்டாராம். "ஆட்டம் பாக்க வாறவங்கட கணக்கு" என்றாராம் நானா. அவர் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருபத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. சண்டைக்கு முந்திய கணக்கை விட இரண்டாயிரத்துச் சொச்சம் குறைவு. வால்டர், முழு ஆயிரமாக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். கணினி ஏற்றுக்கொண்டது. மைதானம் என்ற இடத்தில் இருந்த சொல்லை வால்டர் எடுத்துவிட்டார். அதை எங்காவது வைக்கலாமா என்று தனியாகக் கேட்டு எழுதியிருந்தார். லீக்கின் விதிப் புத்தகத்தில் இப்போது அது ஒரு பிரிவு, கிரெக்தான் எழுதியது, பதினோரு உபபிரிவுகள்.

மூதூரில் முதல் ஆட்டத்தின் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நானா இறங்குதுறையிலிருந்து ஓடிவந்திருந்தார், காதில் பேனையோடு. எதிரணி முதலில் அடித்தது. ஆட்காட்டிகள் கடைசியில் அடித்தார்கள். கடைசியில் அடித்தும் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

"வீட்டுக்காரன் மிச்சத்தத்தான் தின்னவேண்டியிருக்கு" என்றார் குலசிங்கம் அண்ணன்.

நானா அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய விரல் திரையின் அடியில், பார்க்க வந்தோர் என்ற வரியில் நின்றது. நாலாயிரத்து இருநூற்று ஏழு. விரலை எடுக்காமலே மறுகையால் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"புள்ள, நாலாயிரத்தி இருநூத்தி ஏழு பேர் வந்திரிக்காங்க. எங்கட மைதானத்துக்கு. இண்டைக்கு."

போன் பழையது; அடுத்த பக்கத்துக் குரல் கபே முழுவதும் கேட்டது.

"இஞ்சேருங்க, இத்தின பேருக்கும் தேத்தண்ணி ஆர் ஊத்துற?"

நானா கொஞ்சம் யோசித்தார். பகிடி இல்லாமல், உண்மையாகவே யோசித்தார்.

"நீ கேத்தில அடுப்பில வை புள்ள," என்றார். "நான் ரெண்டு மணி லோஞ்சில வாறன்."